சாவியக் கொடுத்துட்டு இறங்குங்க

உங்க ஆளு ஒரு நாள், "எனக்கு பைக் ஓட்டக் கத்துக்கொடு"ன்னு கேட்டா என்ன செய்வீங்க? முதல்ல சிரிப்பீங்க. அப்புறம், "சரி, ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்குப் போலாம்"னு சொல்வீங்க. ரெண்டு ஞாயிறு போகும். மூணாவது ஞாயிறு மேட்ச் வந்துடும். அதோட பாடம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் ஆனாலும், "அவளுக்கு ஓரளவு ஓட்டத் தெரியும்"னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருப்பீங்க.

எனக்குப் பிரச்சினையே இந்த "ஓரளவு"லதான்.

இது லவ் பண்றவங்களுக்கு மட்டும் எழுதினதில்ல. நம்மள்ல பல பேருக்குக் கல்யாணமான அக்கா இருக்காங்க, அண்ணி இருக்காங்க. இன்னும் மூணு நாலு வருஷத்துல நமக்கே வீட்டுல ஒருத்தர் இருப்பாங்க. வண்டிக்குப் புதுசா வர்ற ஒருத்தரோட கூட நிக்கறதுன்னா என்னங்கறத இப்பவே யோசிச்சு வச்சுக்கறது நல்லது. என்னோட கருத்து இதுதான்: கத்துக்கொடுக்கறது அதுல ரொம்பச் சின்ன பகுதி. சொல்லப்போனா, அத நீங்க செய்யாம இருந்தாகூடப் பரவாயில்ல.

சிங்கம்புணரிப் பக்கம் ஞாயிறு சாயங்காலம் காலியா இருக்கற எந்த மைதானத்தையும் பாருங்க. ஒரு பொண்ணு வண்டியப் பிடிச்சிருக்கும். பின்னாடி உட்கார்ந்திருக்கற அண்ணன் ரெண்டு காலையும் தரையில தேய்ச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிச்சிருப்பாரு. "பிரேக்கு... பிரேக்கப் புடி!"ன்னு சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். எந்த பிரேக்குண்ணே? முன் பிரேக் வலது கையில, பின் பிரேக் வலது காலுல, கிளட்ச் இடது கையில, கியர் இடது காலுல. நாலு கைகாலுக்கும் நாலு வேலை. இப்படி ஒருத்தர் காதுல கத்தினா மனுஷன் செய்யற முதல் காரியம் கையில இருக்கறத எல்லாம் இறுக்கிப் பிடிக்கறதுதான். ஹேண்டில் லேசாத் திரும்பியிருக்கற நேரத்துல, ஜல்லி மண்ணுல, மெதுவாப் போகும்போது முன் பிரேக்க இறுக்கிப் பிடிச்சா வண்டி சாய்ஞ்சுடும். சாய்ஞ்சதுக்கப்புறம், "நான்தான் சொன்னேனே"ன்னு ஒரு வசனம் வேற.

இதுல ஒரு சின்ன மெக்கானிக்ஸ் இருக்கு, நம்ம காலேஜ் பத்திரிகைதானே, சொல்லிடறேன். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டி சுமார் 112 கிலோ. அதுல பின்னாடி 70 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்தா எடை மட்டும் கூடல. அந்த எடை உயரத்துல, பின்பக்கமா போய் உட்காருது. போதாததுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது. வண்டியோட பேலன்ஸ் எங்க இருக்குன்னு தேடிட்டிருக்கற ஒருத்தருக்கு நீங்க பின்சீட்டுல உட்கார்ந்து அந்த பேலன்ஸையே மாத்திட்டிருக்கீங்க. அதனால மைதானத்துல முதல் வேலை, இறங்குங்க. இறங்கி பத்தடி தள்ளி நில்லுங்க.

முதல் அரை மணி நேரம் ஆக்சிலரேட்டரே தொட வேணாம். சமதளத்துல கிளட்ச்ச மெதுவா விட்டாலே வண்டி ஐடிலிங் வேகத்துல நகர ஆரம்பிக்கும். எந்த இடத்துல கிளட்ச் பிடிக்குதுன்னு இடது கை புரிஞ்சுக்கணும், அவ்வளவுதான் அன்னிக்குப் பாடம். பார்வை பத்தி ஒண்ணு சொல்லணும். பள்ளத்தையே பார்த்துட்டிருந்தா வண்டி பள்ளத்துக்குத்தான் போகும், போக வேண்டிய இடத்தப் பார்த்தா அங்க போகும். இத யாரும் நம்ப மாட்டாங்க, ஓட்டிப் பார்த்தாத்தான் நம்புவாங்க. மத்தபடி டெக்னிக்க யூடியூப்லயும் டிரைவிங் ஸ்கூல்லயும் நம்மளவிட நல்லாவே சொல்லித் தர்றாங்க.

அதனாலதான் சொல்றேன், உங்களால கத்தாம இருக்க முடியலன்னா வேற யாரையாவது கத்துக்கொடுக்க விடுங்க. இதுல ஈகோ வேணாம். இதுக்கு ஒரு பெரிய உதாரணம் நம்ம பக்கத்துலயே இருக்கு. சிங்கம்புணரியிலேருந்து பொன்னமராவதி பஸ் ஏறினா மாவட்டம் மாறிடும், புதுக்கோட்டை வந்துடும். 1991-ல அந்த மாவட்டத்துல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சாங்க. எழுதப் படிக்கக் கத்துக்கொடுக்கற இயக்கம். அதோட ஒரு பகுதியா, பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுக்கறதையும் சேர்த்தாங்க. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் இதுல ரொம்ப உறுதியா இருந்தாங்க. முத்துபாஸ்கரன் இதுக்குன்னு ஒரு பாட்டு எழுதினார், அது ஊர் ஊராப் போச்சு. 1992 மகளிர் தினத்தன்னிக்கு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள்ல புதுக்கோட்டை டவுனுக்குள்ள வந்தாங்க. அந்த மாவட்டத்துல ஒரு லட்சத்துக்கும் மேல கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். 1996-ல வந்த அவரோட 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' புத்தகத்துல இந்தக் கதை இருக்கு. நம்ம லைப்ரரியில இருந்தா அந்த ஒரு கட்டுரைய மட்டுமாவது படிச்சுடுங்க.

நான் அதுல கவனிச்சது என்னன்னா, அங்க புருஷன் பொண்டாட்டிக்குக் கத்துக்கொடுக்கறது கதையோட மையமாவே இல்ல. கத்துக்கிட்ட பொண்ணு அடுத்த பொண்ணுக்குக் கத்துக்கொடுத்தா. கிராமத்துல கூட்டமா கத்துக்கிட்டாங்க. தனியா ஒருத்தி சைக்கிள்ல போனா ஊர் வாய் சும்மா இருக்காது. அங்கயும் சும்மா இருக்கல, அசிங்கமான பேச்செல்லாம் கேட்டிருக்காங்க. ஆனா ஐம்பது பேர் சேர்ந்து போகும்போது, அதுவும் ஒரு இயக்கத்தோட பேருல போகும்போது, யாரப் பார்த்து என்னன்னு பேசுவாங்க?

இன்னொரு விஷயமும் உண்டு. கத்துக்கொடுத்ததோட அவங்க நிறுத்தல. சைக்கிள் வாங்க பெண்களுக்கு பேங்க் லோன் கிடைக்க ஏற்பாடு பண்ணினாங்க. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினாங்க. சில பேருக்கு அதுதான் பிடிச்சிருந்ததாம். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல பார் இருக்கே, அதுல குழந்தைய உட்கார வச்சுக்கலாம்! அப்புறம் அறிவொளி பெண் தொண்டர்களுக்காக யூனிசெஃப் 50 மொபெட் கொடுக்க ஒப்புதல் கொடுத்துச்சு. சைக்கிள்லேருந்து மோட்டார் வண்டிக்கு அப்பவே பாதை போட்டிருக்காங்க.

அதாவது கத்துக்கறது, கையில வண்டி இருக்கறது, அதுல தினமும் எங்கயாவது போக வேண்டியிருக்கறது, இது மூணும் சேர்ந்தாத்தான் அந்தக் கதை நடந்துச்சு. கல்குவாரியில வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமத்து நர்சுங்க எல்லாரும் சைக்கிள்ல வேலைக்குப் போனாங்க. சர்ட்டிபிகேட்டுக்காக யாரும் கத்துக்கல.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். முப்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு. கத்துக்கறதுக்கு இப்போ யாரும் பெருசா தடை சொல்றதில்ல. சிங்கம்புணரி கடைத்தெருவுல பத்து நிமிஷம் நின்னா எத்தன பொண்ணுங்க ஸ்கூட்டர்ல போறாங்கன்னு நீங்களே எண்ணலாம். (எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் பொண்ணு ஓட்டினா அதுக்குப் பேரு 'ஸ்கூட்டி'தான், அது வேற விஷயம்.) ஆனா ஒரு கேள்வி கேக்கறேன். திங்கக்கிழமை காலையில எட்டரை மணிக்கு வண்டி யாருகிட்ட இருக்கு?

பல வீட்டுல ஒரே ஒரு வண்டிதான். அது கியர் வண்டி. அத அண்ணன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு. அவ கையில லைசென்ஸ் இருக்கும், வாசல்ல வண்டி இருக்காது. இதுல இன்னொரு கூத்தும் உண்டு. லைசென்ஸ் எடுக்கும்போது, "உனக்கு எதுக்கு கியரு, ஸ்கூட்டிக்குப் போதும்"னு கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்துக் கொடுத்திருப்பாங்க. அப்போ வண்டி வாசல்லயே நின்னாலும் அந்த ஸ்ப்ளெண்டர அவ சட்டப்படி எடுக்க முடியாது. எட்டு போட்டு, பாஸ் பண்ணி, பர்சுல கார்டும் வச்சுக்கிட்டு அவ டவுன் பஸ்ஸுக்கு நிப்பா. 2021-லேருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல, அது நிஜமாவே பெரிய விஷயம், அத நான் குறைச்சுச் சொல்லல. ஆனா டவுன் பஸ் அதோட நேரத்துக்குத்தான் வரும். கயிறு கம்பெனியில வேலை முடியற நேரம், பிள்ளைக்குக் காய்ச்சல் வர்ற நேரம், இதெல்லாம் பஸ் டைமிங் பார்த்து வராது.

புது வண்டி வாங்கினா ஷோரூம்ல ரெண்டு சாவி தர்றாங்க. ஒண்ணு அவரு பாக்கெட்டுல. இன்னொண்ணு பீரோவுல, பத்திரமா, யாருக்கும் உபயோகமில்லாம. கேட்டா, "கேட்டா கொடுக்கப் போறேன், இதுல என்ன?"ன்னு சொல்வாங்க. கேட்டு வாங்கறதுக்கும் ஆணியில தொங்கறத எடுத்துட்டுப் போறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. கேக்கணும்னா காரணம் சொல்லணும். காரணம் சொல்லணும்னா அது 'நியாயமான' காரணமா இருக்கணும். அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னா சாவி வரும். சும்மா பிரான்மலை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்னு சொன்னா வருமா? நம்ம பசங்க யாராவது ஒரு ரவுண்டு போறதுக்குக் காரணம் சொல்லியிருக்கமா?

அப்படியே சாவி கொடுத்தாலும் சில வீட்டுல பின்னாடியே ஆடிட்டிங் நடக்கும். "நேத்துதானே 200 ரூபாய்க்குப் போட்டேன், அதுக்குள்ள எங்க போச்சு?" மீட்டர்ல எத்தன கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பார்ப்பாங்க. கிளம்பி பத்து நிமிஷத்துல போன் அடிக்கும், "எங்க இருக்க?" புதுசா ஓட்டறவங்க காதுக்குப் பக்கத்துல போன் அடிச்சுட்டே இருந்தா அவங்க கவனம் எங்க இருக்கும்? அக்கறைன்னு நினைச்சுத்தான் செய்யறீங்க, புரியுது. அவங்க போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் பண்ணுவாங்க. அதுவரைக்கும் போன கையில வச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருங்க. கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்தப் படறதுதான் சப்போர்ட்.

பயத்தப் பத்திப் பேசாம இருக்க முடியாது. "அடிபட்டா யாரு பதில் சொல்றது?"ங்கற கேள்வி வெறும் சாக்கு இல்ல, நிஜமான கேள்வி. கொட்டாம்பட்டி – திருப்பத்தூர் ரோட்டுல லாரியும் பஸ்ஸும் எப்படிப் போகுதுன்னு நமக்குத் தெரியும். பொன்னமராவதிப் பக்கம் போனா வைக்கோல் லோடு, ஆட்டுக்கூட்டம், திடீர்னு குறுக்க வர்ற டிராக்டர். ஆனா அந்தப் பயத்துக்கு நம்ம வீடுகள் கண்டுபிடிச்சிருக்கற மருந்து தப்பு. "ஓட்டு, ஆனா அடிக்கடி ஓட்டாதே. டவுனுக்குள்ள மட்டும் ஓட்டு. நான் கூட இருக்கும்போது ஓட்டு." மாசத்துக்கு ரெண்டு தடவ மட்டும் வண்டி எடுக்கறவங்க பத்து வருஷம் ஆனாலும் புதுசுதான். எந்த ஸ்பீடுல எவ்வளவு தூரத்துல வண்டி நிக்கும், ஓவர்டேக் பண்ற பஸ்ஸோட காத்து எப்படித் தள்ளும், மழை பெஞ்ச முதல் பத்து நிமிஷம் ரோடு எப்படி வழுக்கும், இதெல்லாம் ஓட்டி ஓட்டித்தான் உடம்புல ஏறும். 'ஓரளவு' ஓட்டத் தெரிஞ்சவங்கதான் ரோட்டுல ஆபத்துல இருக்காங்க. நம்ம பயம் அவங்கள அந்த 'ஓரளவு'லயே நிறுத்தி வைக்குது.

பயமா இருந்தா உருப்படியா செய்யறதுக்கு நிறைய இருக்கு. ஹெல்மெட்டுலேருந்து ஆரம்பிங்க. உங்க ஹெல்மெட்டக் கொடுக்காதீங்க. உங்க தலைக்குச் சரியா இருக்கற ஹெல்மெட் அவங்க தலையில ஆடும், ஆடற ஹெல்மெட் விழும்போது கழண்டு போகும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, அவங்களையே கடைக்குக் கூட்டிட்டுப் போய், போட்டுப் பார்த்து வாங்குங்க. கொண்டை போடறவங்களுக்கு ஹெல்மெட் பின்பக்கம் முட்டும், தாழ்வா பின்னல் போட்டுப் பார்க்கணும். கடைக்காரர் இதச் சொல்ல மாட்டார். அடுத்து பிரேக். 2019 ஏப்ரலுக்கு அப்புறம் விக்கற புது வண்டிகள்ல 125 சிசிக்கு மேல ஏ.பி.எஸ்., அதுக்குக் கீழ குறைஞ்சது ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கற சி.பி.எஸ். கட்டாயம். வீட்டுல இருக்கற வண்டி அதுக்கு முந்தினதுன்னா புதுசா கத்துக்கறவங்களுக்கு அது கொஞ்சம் கூடுதல் கஷ்டம். தெரிஞ்சு வச்சுக்கிட்டு, பிரேக் ஷூவையாவது மாத்திக் கொடுங்க. டயர் மொட்டையா இருந்தா மாத்துங்க. "எனக்கு ஓடுதே"ன்னு சொல்லாதீங்க, உங்களுக்குப் பழகின வண்டி அது.

துணி விஷயம் ஒண்ணு. பைக் பின்சக்கரத்துக்கு இடது பக்கம் ஒரு கம்பி வலை இருக்கும், நம்ம ஊர்ல 'சேலை கார்டு'ன்னு சொல்வோம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதி, பின்சீட்டுக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் பின்சக்கரத்துல பாதிக்காவது மறைப்பும் இருக்கணும்னு சொல்லுது. நல்ல விதி, நிறைய உயிரக் காப்பாத்தியிருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, சேலை கட்டினவங்க எங்க உட்காருவாங்கன்னு அந்தக் கம்பி முடிவு பண்ணிடுச்சு. முன்சீட்டுல சேலையோ துப்பட்டாவோ போட்டுக்கிட்டு ஓட்டறவங்களுக்குன்னு வண்டியில எதுவும் யோசிச்ச மாதிரி தெரியல. துப்பட்டாவ ரெண்டு பக்கமும் முடிஞ்சு உள்ள செருகிக்கணும், இல்ல கழட்டி பேக்ல வச்சுடணும். இத நீங்க சொல்லலாம். ஆனா, "சுடிதார் போடாதே, பேன்ட் போட்டாத்தான் வண்டி"ன்னு கண்டிஷன் போட்டா, அடுத்த நாள் அவங்க அப்பத்தா, "பேன்ட் போட்டாத்தான் வண்டின்னா வண்டியே வேணாம்"னு சொல்லிடுவாங்க. எந்த வீட்டுல எது நடக்கும்னு பார்த்துப் பேசுங்க.

வீட்டுப் பெரியவங்ககிட்டப் பேசறது உங்க வேலை, அவங்களோடது இல்ல. ஊர்ல ஒரு பொண்ணு தனியா பைக்ல போனா அதுக்கு 'சுத்தறா'ன்னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. பையன் போனா 'போயிட்டு வர்றான்'. டீக்கடையில உங்க பிரெண்டு யாராவது, "மாப்ள, உன் ஆளு புல்லட்ல போகுது போல"ன்னு இளிச்சா, நீங்களும் சேர்ந்து இளிக்காம இருங்க. பெரிய சண்டை எல்லாம் போட வேணாம். "ஆமா போறா, அதுக்கென்ன?"ன்னா போதும், பேச்சு அங்கயே நின்னுடும்.

வண்டி சொந்தமா இருந்தா எல்லாம் சரியாயிடுமான்னா, அதுவும் இல்ல. 2018 பிப்ரவரி 24-ல தமிழ்நாடு அரசு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தத் தொடங்கினாங்க. வேலைக்குப் போற பெண்களுக்கு வண்டி விலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமா அப்போ கொடுத்தாங்க. நல்ல திட்டம், லைசென்ஸ் இருந்தாத்தான் மானியம்ங்கறதால அதுக்காகவே நிறைய பேர் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. ஆனா அக்கா பேருல வந்த வண்டிய தம்பி டியூஷனுக்கு எடுத்துட்டுப் போறதையும் நம்ம எல்லாரும் பார்த்திருக்கோம். ஆர்.சி. புக்குல பேரு ஒண்ணு, ஆக்சிலரேட்டர்ல கை வேற.

பசங்க பக்கமும் ஒண்ணு சொல்லியாகணும். நம்ம கிளாஸ்லயே வண்டி ஓட்டத் தெரியாத பசங்க இருக்காங்க. சொல்ல வெக்கப்பட்டுட்டு, "எனக்கு பஸ்தான் பிடிக்கும்"னு சமாளிப்பாங்க. ஒரு பொண்ணு தன் பாய்பிரெண்டுக்கு வண்டி கத்துக்கொடுத்தா அத ரீல்ஸ் போட்டுக் கலாய்ப்பாங்கன்னு பயம். பொண்ணு ஓட்ட பையன் பின்னாடி உட்கார்ந்தா நம்ம கேம்பஸ்லயே விசில் வருது. அப்படி உட்கார்ந்து வர்ற பசங்கள எனக்குப் பிடிக்கும். அவங்களுக்கு, பின்சீட்டுல சும்மா இருக்கணும், வளைவுல வண்டி சாயும்போது கூடவே சாயணும், எதிர்ப்பக்கம் நிமிரக் கூடாதுங்கறது தெரிஞ்சிருக்கு. "லெப்ட்ல ஆட்டோ, ரைட்ல மாடு"ன்னு கமென்ட்ரி கொடுக்கறதில்ல. ஓட்டறவங்களுக்கும் கண் இருக்குல்ல?

பைனல் இயர்ல இருக்கறவங்களுக்கு: பிளேஸ்மென்ட் கிடைச்சு சென்னைக்கோ பெங்களூருக்கோ போறதுக்கு முன்னாடி கொஞ்சம் டைம் இருக்கு. எல்.எல்.ஆர். போட்டா 30 நாளுக்கப்புறம் லைசென்ஸுக்குப் போகலாம், ஆறு மாசம் வரைக்கும் செல்லும். அந்த நாட்கள்ல வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் வெள்ளையில சிவப்பு 'எல்' போர்டு இருக்கணும். லைசென்ஸ் வச்சுக் கத்துக்கொடுக்கறவரத் தவிர வேற யாரையும் பின்னாடி ஏத்தக் கூடாது. அப்ளிகேஷன்ல கியர் வண்டிக்கான இடத்துல டிக் அடிங்க, அது இருந்தா ஸ்கூட்டரும் ஓட்டலாம். பக்கத்துல இருக்கறவரு, "உனக்கு எதுக்கு கியரு?"ன்னு கேட்டா, அவரக் கொஞ்ச நேரம் வெளிய போய் டீ குடிச்சுட்டு வரச் சொல்லுங்க.